அப்பாவும் பத்து மாதம் சுமக்கட்டும்

(கூட்டமைப்பின் மகாசபைக் கூட்டத்தில் நலக்குழு சார்பாகப் பேசியது)



போன கூட்டத்தில் கர்ப்பிணிப் பெண்களைப் பற்றிப் பேசினோம். இரும்புச்சத்து மாத்திரை, கீரை, முருங்கை, அங்கன்வாடிச் சத்துமாவு என்று எல்லாம் சொன்னோம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு சகோதரி கேட்டார்: "எல்லாத்தையும் எங்களுக்கே சொல்லுறீகளே, புள்ளைக்கு அப்பன்னு ஒருத்தன் இருக்கான்ல, அவனுக்கு யாரு சொல்லுறது?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வி எங்களைத் தூங்க விடவில்லை. அதனால் இன்றைக்கு முதல் குழந்தைக்கு அப்பா ஆகப்போகிற நம் மகன்களைப் பற்றியும் மருமகன்களைப் பற்றியும் பேசப் போகிறோம்.

முதலில் நம் குழுக்களுக்குள்ளேயே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடுதான் சொல்லுகிறோம். பெயர் சொல்லவில்லை.

நம்மிடையே நடந்தது

2022-ஆம் வருடம். பையன் கோயம்புத்தூரில் கொத்தனார் வேலை. பையனின் அம்மாவும் நம் உறுப்பினர், பெண்ணின் அம்மாவும் நம் உறுப்பினர். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, ஐந்து வகைச் சோறு கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நாங்களும் போய் வளையல் போட்டு வந்தோம்.

எட்டாம் மாதம் பெண்ணுக்கு முகமும் கையும் வீங்கியது. தலைவலி. "மசக்கை வீக்கம்தான், சூட்டுத் தலைவலிதான்" என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். அன்று ராத்திரி அந்தப் பெண் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "என்னங்க, தலை விண்ணு விண்ணுன்னு வலிக்கு. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறது. அவர், "ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் படு, காலையில சரியாயிரும்" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் ராத்திரி பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது.

108-க்குப் போன் போட்டோம். வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்: என்ன ரத்த வகை? கடைசியாகப் பார்த்த பிரஷர் எவ்வளவு? அட்டை எங்கே? அட்டை மாமியார் வீட்டுப் பீரோவில் இருந்தது. சாவி மாமியாரிடம். மாமியார் 20 கிலோமீட்டர் தள்ளி. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் அவருக்கு ரத்த வகையும் தெரியவில்லை, எந்தத் தேதிக்குப் பிரசவம் என்றும் தெரியவில்லை.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. 1,800 கிராம் எடை. தாய் நான்கு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தது. இரண்டு உயிரும் பிழைத்தது டாக்டர்கள், நர்சுகள் புண்ணியம். கர்ப்பக் காலத்தில் பிரஷர் ஏறினால் வருகிற வலிப்பு, தாய்மார்களின் உயிரை எடுக்கிற முக்கியமான காரணங்களில் ஒன்று. வீக்கம், தலைவலி, கண் மங்கல் என்று அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் வருகிறது. எங்களுக்குத்தான் அது சொன்னது விளங்கவில்லை.

மறுநாள் காலை பையன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். எடை குறைந்த குழந்தைக்கு உடம்புச் சூடு நிற்காது, யாராவது நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978-இல் கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டி போதாமல் போனபோது டாக்டர்கள் கண்டுபிடித்த வழி. இப்போது உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

தாய் கண் விழிக்காமல் கிடக்கிறது. ஆச்சிக்கு முதுகுவலி, உட்கார முடியாது. நர்சம்மா அந்தப் பையனைப் பார்த்து, "அப்பா நிக்கிறீங்கல்ல, சட்டையைக் கழட்டிட்டு வந்து உக்காருங்க" என்றார்.

பையன் பயந்துபோய், "நானா? எனக்குப் புள்ளையத் தூக்கவே தெரியாதே" என்று சொன்னார். சிமெண்ட் பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை. கையைக் கழுவச் சொல்லி, உட்கார வைத்து, குழந்தையை நெஞ்சின் மேல் படுக்க வைத்துத் துணியால் கட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை தூங்கியது. அவர் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

18 நாள் அப்படி வைத்திருந்தார். தாய்க்கு முடிகிற வரை அவரே, முடிந்த பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றி. குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது. இப்போது ஊரெல்லாம் ஓடித் திரிகிறான்.

அந்தத் தம்பி எங்களிடம் கேட்டது

இரண்டு மாதம் கழித்து அந்தத் தம்பியை எங்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். புத்தி சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டோம். "பொண்டாட்டி கண்ணு மங்குதுன்னு சொல்லியும் ஏன்யா வரல?" என்று ஒரு அக்கா கோபமாகவே கேட்டார்.

அவர் சொன்னார்: "அக்கா, அது ஆபத்துன்னு எங்கிட்ட யாரும் சொல்லலக்கா. நர்சம்மா வீட்டுக்கு வந்தப்ப நானும் பக்கத்துல உக்காந்தேன். எங்கம்மா, 'பொம்பளைக பேசுற எடத்துல ஒனக்கென்ன சோலி, போய்யா வெளிய'ன்னுச்சு. ஸ்கேன் எடுக்க நானும் வாரேன்னேன். 'ஒருநா கூலிய விட்டுட்டு வந்து என்ன செய்யப் போற'ன்னு அத்தை சொல்லுச்சு. மாத்திரை எதுக்குன்னு கேட்டேன். 'ஒனக்கு எதுக்கு'ன்னாங்க. நான் என்னக்கா பண்ணட்டும்?"

நாங்கள் யாரும் பேசவில்லை. அவர் சொன்ன அம்மாவும் அத்தையும் எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இருவர் மட்டுமா? நம் வீட்டில் நாமும் அதைத்தானே சொல்லுகிறோம்? "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை" என்று கதவை அடைப்பதும் நாம்தான். பிறகு "ஆம்பளைக்கு ஒண்ணும் தெரியல" என்று குறை சொல்வதும் நாம்தான்.

ஆகவே சகோதரிகளே, கதவைத் திறப்போம். பையனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பார்ப்போம்.

முதல் மூன்று மாதம்

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். கணவரும் கூடப் போகட்டும். பிக்மி எண்ணை அவர் தன் போனிலும் ஏற்றி வைத்துக்கொள்ளட்டும். பிறப்புப் பதிவின்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. 2018-இல் இந்த உதவி 18,000 ரூபாய் ஆனது. 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் என்று வகுத்தார்கள். எந்தத் தவணை எப்போது என்று செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பணம் தாய்க்கும் குழந்தைக்கும் உரியது. சீர் செய்யவோ பழைய கடன் அடைக்கவோ அல்ல. அப்பா ஆகப்போகிறவர் இதை முதலில் மனதில் வைக்கட்டும்.

கணவரும் தன் ரத்த வகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவிக்கு நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதற்கென்று ஊசி இருக்கிறது. 28-ஆவது வாரத்தில் ஒன்று போடுவார்கள். குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் போடுவார்கள். போடாமல் விட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

பீடி, சிகரெட் புகை வயிற்றில் இருக்கிற குழந்தையையும் பாதிக்கும். "நான் திண்ணையிலதான குடிக்கேன்" என்பது பதில் ஆகாது. விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறு வராது.

நடு மாதங்கள்

இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். 10 மாத்திரை உள்ள அட்டை என்றால் 18 அட்டை. ரத்தம் குறைவாக இருந்தால் டாக்டர் அதிகமாக எழுதுவார். ரத்தம் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை. 7-க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து. மாத்திரை தீர்கிறதா, டிரங்குப் பெட்டிக்குள் சேர்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற வேலையைக் கணவரிடம் விடுங்கள். வெளியூரில் இருந்தால் ராத்திரி போன் பண்ணும்போது, "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு "மாத்திரை போட்டியா" என்றும் கேட்கட்டும். டீ, காபியோடு போடக் கூடாது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, மாட்டுத் தீவனம் இதையெல்லாம் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். குடம் தூக்கினால் ஆம்பளை கௌரவம் குறையாது. யாராவது சிரித்தால், அந்த ஆளின் பெண்டாட்டி எத்தனை கிராம் ரத்தத்தோடு இருக்கிறாள் என்று கேளுங்கள்.

ஸ்கேன் எடுக்கக் கூடப் போகட்டும். ஆனால் ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது. 1994-ஆம் வருடச் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகும்போது புடவை, வளையலுக்கு முன்னால் தாய் சேய் நல அட்டை பையில் ஏற வேண்டும். அந்தப் பையை எடுத்து வைக்கிற வேலை கணவருடையது. அட்டையைப் போனில் படம் எடுத்து அவரும் வைத்திருக்க வேண்டும். தாய்வீட்டுப் பகுதி செவிலியரிடமும் தகவல் சொல்ல வேண்டும்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெண்ணை அனுப்பியதோடு பொறுப்பையும் அனுப்பிவிட்டோம் என்று பையன் நினைக்கக் கூடாது.

கீழே உள்ள அறிகுறிகளைக் கணவருக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். மறதியாக இருந்தால் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

- முகம், கை வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல்
- வலிப்பு
- எந்த மாதத்திலும் ரத்தப்போக்கு
- வலி வராமலே பனிக்குடம் உடைவது
- குழந்தையின் அசைவு குறைவது
- கடும் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல்

இதில் எது வந்தாலும் சீரகத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. காலை வரை காத்திருக்கவும் கூடாது. உடனே 108. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற வண்டி அது. சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம். 108 தவிர, ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற இன்னொரு வண்டிக்காரரிடமும் முன்கூட்டியே பேசி வைக்கட்டும். ரத்தம் கொடுக்க இரண்டு நண்பர்களைச் சொல்லி வைக்கட்டும்.

பணம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். 2011-இல் மத்திய அரசு கொண்டு வந்த திட்டம் அது. ஆனாலும் போக்குவரத்து, துணைக்கு இருப்பவர் செலவு, கூலி இழப்பு என்று வரும். மத்திய அரசு வேலையில் இருக்கிற அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. நம் பிள்ளைகளுக்கு யார் கொடுப்பார்கள்? நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் 200 ரூபாய் எடுத்து வைத்தால் 28 வாரத்தில் 5,600 ரூபாய் ஆகும். குவார்ட்டர் பாட்டிலுக்குப் போகிற காசைத் திருப்பிவிட்டாலே அது சேர்ந்துவிடும்.

பிரசவ நாளும் முதல் மணி நேரமும்

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணையாக ஒரு பெண்ணை விடுவார்கள். கணவர் பெரும்பாலும் வெளியேதான் நிற்பார். வெளியே நின்றாலும் ஆஸ்பத்திரியை விட்டுப் போகக் கூடாது. கையெழுத்துக்குக் கூப்பிடலாம், ரத்தத்துக்குக் கூப்பிடலாம். குடித்துவிட்டு வரவே கூடாது.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது, அதுதான் குழந்தைக்கு முதல் மருந்து. சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் ஆசையாகத் தேனோடு வருவார்கள். மருமகள் வாய் திறந்தால் சண்டை வரும். "டாக்டர் சொல்லியிருக்காங்க, என் புள்ளைக்கு வேண்டாம்" என்று அப்பன் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சண்டையே வராது. அந்த ஒரு வார்த்தைக்குப் பையனை இப்போதே தயார் செய்யுங்கள்.

பெண் குழந்தை என்றால் முகம் சுளிக்கிற அப்பன்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வருகிற அணுவை வைத்துத்தான் முடிவாகிறது. பெற்றவள் மேல் குறை சொல்ல எதுவுமே இல்லை. பத்து மாதம் சுமந்து, உயிரைப் பணயம் வைத்துப் பெற்றவள் முதலில் பார்ப்பது கணவனின் முகத்தைத்தான். அந்த முகம் சிரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிரசவம் முடிந்து 42 நாள் வரை தாய்க்கு ஆபத்துக் காலம். ரத்தப்போக்கு அதிகமானாலும், காய்ச்சல் வந்தாலும், துர்நாற்றம் அடித்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் சோற்றையும் குறைக்கக் கூடாது. பால் கொடுப்பவளுக்கு முன்னைவிட அதிகமாகத்தான் சாப்பாடு வேண்டும். தொப்புள்கொடியில் சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் போடக் கூடாது.

சில பெண்கள் காரணம் இல்லாமல் அழுவார்கள். குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் அது நோய். பேயும் இல்லை, திமிரும் இல்லை. டாக்டரிடம் காட்ட வேண்டும். இதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் கணவர்தான்.

பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் அப்பாவால் செய்ய முடியும். துணி மாற்றலாம், ஏப்பம் விட வைக்கலாம், ராத்திரி தோளில் போட்டுத் தட்டலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே பதிவார்கள். சான்றிதழை வாங்கி, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அப்பாவின் வேலை. தடுப்பூசித் தேதியும் அப்படியே. அடுத்த குழந்தைக்கு மூன்று வருட இடைவெளி வேண்டும். அதற்கு என்ன வழி என்று செவிலியரிடம் இருவரும் சேர்ந்தே கேட்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, நாங்கள் மூன்று தீர்மானம் முன்வைக்கிறோம். பிடித்திருந்தால் உங்கள் குழுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

ஒன்று: குழுவில் எந்த வீட்டில் முதல் கர்ப்பம் என்றாலும், ஐந்தாம் மாதத்துக்குள் அந்தக் கணவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, கிராம சுகாதார செவிலியரை வைத்துப் பேசச் சொல்லுவோம். வெளியூரில் இருந்தால் போனில் பேசுவோம்.

இரண்டு: வளைகாப்புக்குப் போகிற நாம் வளையல் போடுவதோடு, அட்டை பையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வருவோம்.

மூன்று: "ஒனக்கு எதுக்கு" என்ற வார்த்தையை நம் வாயிலிருந்து எடுப்போம். மகன் கேட்டால் சொல்லுவோம். கேட்காவிட்டாலும் கூப்பிட்டு வைத்துச் சொல்லுவோம்.

கடைசியாக ஒன்று. அந்தக் கொத்தனார் தம்பி இப்போது அவர் வேலை பார்க்கிற இடத்தில், புதிதாகக் கல்யாணமான பையன்களைக் கூப்பிட்டு, "வீட்டுல தலைவலின்னு சொன்னா மாத்திரை போடுன்னு சொல்லிராதீங்கடா. அன்னிக்கே பிரஷர் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவருடைய அம்மா எங்களிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "அன்னிக்கு நான் அவன வெளிய போகச் சொல்லாம இருந்திருந்தா…" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அக்கா பட்ட வருத்தம் நம் குழுக்களில் இன்னொருவருக்கு வரக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினோம்.